நாளொன்றுக்கு நான்கு பேர்

உறுப்பினரைக் ‘கேள்விக்காரர்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சின்னக் கட்சி. சட்டமன்றத்தில் அவரோடு சேர்த்து மூன்றே பேர். ஆளுகிறவர்கள் பாலம் கட்டினார்கள், கல்வெட்டில் பெயர் போட்டுக்கொண்டார்கள். இவரால் முடிந்தது கேள்வி கேட்பது ஒன்றுதான். தெருவிளக்கு ஏன் பட்டப்பகலில் எரிகிறது, பெண்கள் பள்ளியின் கழிப்பறைக்கு ஏன் கதவு இல்லை, ஆஸ்பத்திரி லிஃப்ட் எந்த வருடத்திலிருந்து பழுது என்று நான்கு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் கேள்வி கேட்டுத் தள்ளிவிட்டார். முன்பு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். பையன்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்த குரல் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்குப் போனால்கூடச் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் இந்த மண்டபத்தில் தீயணைக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்பார் என்று கேலி பேசுவார்கள்.

அந்த நானூற்றுச் சொச்சத்தில் ஒன்று, பஸ் கண்டக்டர் ஒருவரின் அக்கா தட்டச்சு செய்து கொடுத்தது.

அக்கா பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்புறம், நகல் எடுக்கும் கடையின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு முப்பது வருடமாக மனு அடித்துக் கொடுப்பவள். யார் யாருக்கு எப்படி எழுதினால் காகிதம் நகரும், எந்த வார்த்தையைப் போட்டால் மேலதிகாரிக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கணவன் போன பிறகு தம்பி வீட்டின் மாடியறையில் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் இடது கையில் கட்டோடு மேஜைக்குப் போய்விடுவாள். வீட்டில் உட்கார்ந்தால் தண்ணீர்ப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும் என்பாள். ஒரு நாளைக்கு அவளுக்கு அரைப் பாட்டில்தான்.

நகரத்து ஆஸ்பத்திரியில் முதல் சுற்று காலை ஆறரைக்கு. அதற்குப் போக ஒரே பஸ், கடைசி நிறுத்தத்திலிருந்து நாலு நாற்பதுக்குக் கிளம்புவது. அதில் ஏழு வருடமாகக் கண்டக்டராக இருந்தவர் அவளுடைய தம்பியேதான். ஐந்து மாதத்துக்கு முன் அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவரை நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். நோயாளிகள் இப்போது அடுத்த பஸ்ஸைப் பிடித்து, இன்னொன்று மாறி, ஏழே முக்காலுக்குப் போய்ச் சேருவார்கள். முதல் சுற்றில் அவர்கள் படுக்கை வேறு யாருக்காவது போயிருக்கும். மதியச் சுற்றுக்குக் காத்திருந்து வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். முடியாதவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை என்பதை இரண்டாக்கிக்கொண்டார்கள்.

அதைத்தான் அக்கா உறுப்பினருக்கு எழுதினாள். உறுப்பினர் ஒரு வரி மாற்றாமல் கேட்டுவிட்டார்.

பதில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஓட்டம் முடித்துவிட்டுக் கண்டக்டர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படியில் அக்காவுக்கான காய்களை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்திருந்தாள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்ட வேண்டும். சத்தையெல்லாம் கொட்டிவிட்டுச் சக்கையைத் தின்கிறேன் என்று அக்கா சொல்லாத நாளில்லை. உறுப்பினரின் உதவியாளர் ஸ்கூட்டரை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

“(அ) காலை 4.40 மணிப் பேருந்து நிறுத்தப்பட்டதை அரசு அறியுமா? பதில், ஆம். (ஆ) அறியுமெனில் நிறுத்தப்பட்டதற்கான காரணம் யாது? வழங்கப்பட்ட பயணச்சீட்டுகளின்படி மேற்படி பேருந்தில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு பேர் மட்டுமே பயணம் செய்துள்ளனர். (இ) மீண்டும் இயக்க அரசு ஆவன செய்யுமா? மேற்கண்ட பதிலின் காரணமாக இவ்வினா எழவில்லை.”

கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“நாலு பேராம். கேட்டியா தம்பி? நானே ஒரு ஆளு. கண்ணாடிக் கடைக்காரர், ஸ்கூல் ஆயா, ஐஸ் கம்பெனி வாட்ச்மேன், தச்சர், அதுக்குள்ள அஞ்சு ஆச்சு. என் பக்கத்துல இடமில்லாம நின்னுக்கிட்டு வந்திருக்காங்க.”

“பெரிய இடத்துல உக்காந்துக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க அண்ணி,” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

“வாய்க்கு வந்ததைச் சொல்லல, எழுத்துல கொடுத்திருக்காங்க. எழுத்துல வந்தா எனக்கு நல்லது. இன்னைக்கே அடிக்கிறேன். பொய்யான பயணிகள் எண்ணிக்கையை அரசுக்கு அளித்த ஊழியர் எவராயினும் அவர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்னு. கேள்விக்காரர் அதை அப்படியே சபையில கேப்பார். எவன் எழுதினான்னு வெளிய வரட்டும். அந்த வண்டியில நீதானே இருந்தே, நீ சொல்லு, தினம் எத்தனை பேரு?”

கண்டக்டர் பனியனோடு நின்றார்.

“திங்கக்கிழமை முப்பது. செவ்வாக்கிழமை இருபத்தாறு,” என்றார்.

“அப்புறம் நாலு எங்கேருந்து வந்தது?”

“என்கிட்டேருந்துதான்.”

விஷயம் இதுதான். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அரசு இலவசப் பயண அட்டை கொடுத்திருக்கிறது. காசு வாங்க வேண்டியதில்லை. ஆனால் சும்மாவும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொருவரிடமும் அட்டையை வாங்கி, அதன் பன்னிரண்டு இலக்க எண்ணை மெஷினில் அடித்து, விலை போடாத ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அவர் வண்டியில் வந்ததாகக் கணக்கு. ஆரம்பத்தில் கண்டக்டரும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவர்களோ ஏறி உட்கார்ந்ததும் தலை சாய்ப்பவர்கள். முந்தின ராத்திரி அரிப்பும் கால் குடைச்சலுமாகக் கண்ணே மூடியிருக்க மாட்டார்கள். பஸ் குலுக்கலில்தான் தூக்கம் வரும். அவர்களைத் தட்டி எழுப்பி, கட்டுப்போட்ட கையால் பைக்குள் பை தேடவைத்து, அட்டையை விளக்குக்கு நேரே பிடிக்கவைத்து, அதற்குப் பதிலாக எதற்கும் ஆகாத ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பது அவருக்கு அநியாயமாகப் பட்டது. முதலில் ஒருவரை விட்டார். பிறகு அந்த வரிசையை விட்டார். கடைசியில் காசு கொடுக்கிற நான்கு பேருக்கு, அதாவது பேப்பர் போடுகிறவர், இரண்டு நர்சுகள், ஒரு ஹோட்டல் சமையல்காரர் ஆகியோருக்கு, டிக்கெட் போட்டு முடித்ததும் உள்விளக்கை அணைத்துவிடுவார். டிரைவர் அதைப் படுக்கை வசதி கொண்ட வண்டி என்பார். ஆஸ்பத்திரி வாசலில் ஒவ்வொருவரையும் தோளைத் தொட்டு இறக்கிவிடுவதில் கண்டக்டருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. டிக்கெட் பரிசோதகர் அந்த நேரத்தில் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

இத்தனையையும் அவர் அக்காவிடம் சொல்லும்போது பாதிதான் வார்த்தையாக வந்தது. மீதியை அக்காவே புரிந்துகொண்டாள். அவளும் தூங்கினவள்தானே.

“என்னையும் எழுப்பினதில்லை,” என்றாள்.

“இல்ல.”

“ஏழு வருஷமா?”

“முதல் ரெண்டு வருஷம் போட்டேன்.”

மனைவி கரண்டியோடு வாசற்படிக்கு வந்துவிட்டாள். “இதுல என்ன தப்பு இருக்கு? ஒரு பைசா எடுத்தாரா? தூங்குறவங்களைத் தூங்க விட்டார்.”

“காசை எடுத்திருந்தாக்கூட ரெண்டு இன்கிரிமென்ட் வெட்டோட போயிடும்,” என்றாள் அக்கா. “ஆளை ஏத்திக்கிட்டு டிக்கெட் போடலைன்னா அவங்க சட்டத்துல அதுக்குப் பேரே வேற, மோசடி. எத்தனை பேருக்கு நான் விளக்கம் அடிச்சுக் கொடுத்திருக்கேன். ஒருத்தர்கூட மீண்டு வரல.”

“ரிட்டயர் ஆக இன்னும் இருபத்திரண்டு மாசம்,” என்றாள் மனைவி. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அக்கா பதில் காகிதத்தை நான்காக மடித்தாள். “விடு. நான் எழுதல. பஸ் வரலைன்னா வரல. யாரும் இதைப் பத்திப் பேச வேண்டாம்.”

பேசவில்லைதான். ஆனால் பேசாத வீடு பேசுகிற வீட்டைவிட மோசம். மனைவி பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள். அக்கா மாடியிலிருந்து இறங்கும்போது இருமிவிட்டு இறங்கினாள். கண்டக்டர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அந்த பஸ்ஸைத் தன்னைவிட நேசித்தவன் யாரும் கிடையாது, அதை நிறுத்தினவனும் தானேதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அக்காவுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு பஸ். இரண்டாவதில் உட்கார இடமில்லை. அக்கா கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கையை யாரும் இடித்துவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஏழு ஐம்பதுக்குப் போனார்கள். முதல் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகளில் பழைய நாலு நாற்பதுக்காரர்கள் மதியத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள். முகங்கள் உப்பியிருந்தன. அவரைக் கண்டதும் எல்லோருக்கும் சந்தோஷம்.

“வாங்க கண்டக்டர். வண்டி எப்ப வரும்?” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

“பாக்கலாம்ணே.”

“எங்களை மாதிரி ஆளுங்களுக்கு நீங்கதான் சொல்லி ஏதாவது பண்ணணும். மெம்பர் கேள்வி கேட்டாராமே?”

“கேட்டார்.” அவர் நாற்காலிகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம், தானாகவே எண்ணும். “தச்சர் எங்க? கழிவறைக்குப் போயிருக்காரா?”

கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதா? அவர் போய் ஒரு மாசம் ஆச்சே. ரெண்டு பஸ் மாற முடியலைன்னு வாரத்துக்கு ஒரு தடவை வந்துக்கிட்டிருந்தார். நெஞ்சுல தண்ணி சேந்துடுச்சு.”

அக்கா இதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. தச்சர் எப்போதும் இடது பக்கம் மூன்றாவது ஜன்னலோரம். வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். அவர் ஒருவருக்கு மட்டும் டிக்கெட் போடாமல் விட்டது ஐந்து வருடத்தில் எழுநூறு தடவையாவது இருக்கும். கண்டக்டர் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றார். தண்ணீர் குடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை உறுப்பினரைப் பார்க்கப் போனார். அவருடைய அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே. இரண்டு மின்விசிறி, ஒன்றுதான் சுற்றும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுவே அதிசயம்.

“இதை எழுத்துல கொடுப்பீங்களா?” என்றார் கடைசியில்.

“கொடுத்தா வண்டி வருமா?”

“அது தெரியாது. துணைக் கேள்வி கேப்பேன். நாலு பேர்ங்கிற எண்ணிக்கை தப்புன்னு கண்டக்டரே எழுதிக் கொடுத்திருக்கார், ஆஸ்பத்திரி வருகைப் பதிவும் அதைத்தான் சொல்லுது, இப்ப என்ன சொல்றீங்கன்னு கேப்பேன். மந்திரி எழுந்து நின்னு ஏதாவது சொல்லியாகணும். உங்க பேரை நான் வாயில எடுக்க மாட்டேன். ஆனா உங்க டிப்போவுல கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகாது.”

“அது தெரியும்.”

“இன்னும் எவ்வளவு சர்வீஸ் இருக்கு?”

“இருபத்திரண்டு மாசம்.”

உறுப்பினர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நானூத்திப் பதினேழு கேள்வி கேட்டிருக்கேன். அதுல உருப்படியா நடந்தது ஒம்பது. இதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.”

அன்று சாயங்காலம் அக்காவின் மேஜைக்கு எதிரே போட்டிருந்த ஸ்டூலில், மனு எழுத வந்தவர்களோடு வரிசையில் தம்பியும் உட்கார்ந்தார். முறை வந்ததும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடா?”

“ஒரு கடிதம் அடிக்கணும்.”

“அடிக்க மாட்டேன்.”

“அப்ப எதிர்க்கடையில கொடுக்கறேன். அவன் ஒரு வரிக்கு மூணு தப்பு விடுவான்.”

“உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“சொல்லிட்டேன். ரெண்டு நாளா என்கூடப் பேசல.”

அக்கா விரல்களைத் தட்டச்சு விசைகளின்மேல் வைத்தபடியே இருந்தாள். அவளுக்கும் அந்த பஸ் வேண்டும். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைச் செருகினாள்.

“மனிதாபிமானத்தின் அடிப்படையில்னு ஆரம்பிக்கவா? அது விசாரணையில உனக்கு உதவும்.”

“வேண்டாம். தூங்கினாங்க. நான் எழுப்பல. அதை மட்டும் போடு.”

“அப்படியெல்லாம் மனு எழுத முடியாது.”

“இது மனு இல்லக்கா.”

அப்படியேதான் அடித்தாள். முப்பது வருடத்தில் அவள் அடித்ததிலேயே சின்னக் கடிதம்.

துணைக் கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்பே டிப்போவிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை சஸ்பென்ஷன். மெஷினையும் பையையும் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஸ்டோர்கீப்பர் கையெழுத்து வாங்கும்போது, “உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேண்டாத வேலை?” என்றார்.

பத்து நாள் கழித்து அரசின் பதில் வந்தது. தவறிழைத்த நடத்துநர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. பேருந்து மூன்று மாத காலத்துக்குச் சோதனை அடிப்படையில் இயக்கப்படும். பயணச்சீட்டுகளின்படி நாளொன்றுக்குச் சராசரி இருபது பயணிகள் இல்லையெனில் நிரந்தரமாக நிறுத்தப்படும்.

முதல் வாரம் முடிந்ததும் அக்கா ஒரு பழைய மனுவின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். மனைவி பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் பேச்சு ஒருமாதிரி திரும்பியிருந்தது, சண்டை போடுகிற அளவுக்காவது.

“எங்க திங்கள், புதன், வெள்ளியில டிக்கெட்டுக்காரங்களையும் சேத்து இருபத்தொண்ணு. செவ்வாய், வியாழன், சனி பதினேழு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா பத்தொன்பது.”

“முன்ன முப்பதுன்னு சொன்னீங்களே அண்ணி?” என்றாள் மனைவி.

“அஞ்சு மாசம் ஆச்சேம்மா. ரெண்டு பேர் ஆஸ்பத்திரி பக்கமே வீடு பாத்துப் போயிட்டாங்க. சில பேர் மதியத்துக்கே மாத்திக்கிட்டாங்க. நாலு பேர் இல்லாமலே போயிட்டாங்க.” பென்சிலைக் கீழே வைத்தாள். “தினத்துக்கு ஒரு ஆள் குறையுது. ஒரே ஒரு ஆள்.”

மனைவி தலை நிமிராமல் புருஷனிடம் சொன்னாள்.

“நீங்க போங்க. வேலையும் போயாச்சு, விட்டத்தைப் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க. தினம் போய் ஒரு டிக்கெட் வாங்கிட்டு வாங்க.”

கண்டக்டர் அவளைப் பார்த்தார். அவள் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் நாளைக்கு நாலு மணிக்கு எழுந்து டீ போட்டுத் தருவாள் என்று அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு டயாலிசிஸ் கிடையாது. அவர் மட்டும் கடைசி நிறுத்தத்தில் போய் ஏறினார். காக்கி இல்லாமல் அந்தப் படியில் கால் வைத்தது புதுசாக இருந்தது. புதிய கண்டக்டர் சின்ன வயதுக்காரர், விதிப்படி நடப்பவர். விளக்கையெல்லாம் போட்டு வைத்திருந்தார். நோயாளிகள் ஒவ்வொரு நிறுத்தமாக ஏறி, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடினார்கள். புதியவர் மெஷினின் அடிப்பக்கத்தால் இருக்கைக் கம்பியில் ‘டக் டக்’கென்று தட்டிக்கொண்டு வந்தார். முதல் வரிசையில், படுக்கை கிடைக்காமல் செவ்வாய்ச் சுற்றுக்கு மாறிவிட்ட வாட்ச்மேனுக்குத் துணையாக வந்த மனைவி தூக்கிவாரிப்போட்டு எழுந்து மார்பைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தார்.

கண்டக்டரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து முன்னால் போனார்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க. நான் எழுப்பிக் கார்டை எடுக்க வைக்கிறேன். நீங்க பின்னால டிக்கெட் போட்டுக்கிட்டே வாங்க.”

“நீங்க யாரு சார்?”

“நாலு நாப்பது பழைய கண்டக்டர்.”

புதியவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒதுங்கி வழிவிட்டார். அவர் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து, கட்டில்லாத பக்கத்துத் தோளைத் தொட்டார். ஒருவர் பையிலிருந்து அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இன்னொருவருக்கு எண்ணை அவரே படித்துச் சொன்னார். மெஷின் ஒவ்வொன்றாகச் சீட்டைத் துப்பியது.

ஐந்தாவது வரிசையில் ஸ்கூல் ஆயா, அவளும் செவ்வாய்க்கு மாறியவள். இடது கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அயர்ந்திருந்தாள். இரண்டு தடவை தொட வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்து, யாரென்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“ஆஸ்பத்திரி வந்துடுச்சா?”

“இல்லம்மா. டிக்கெட்டுக்கு.”

அவள் அவரையே பார்த்தாள்.

“நீங்களா எழுப்புறீங்க? நீங்க எழுப்ப மாட்டீங்கன்னுதானே இத்தனை வருஷமா நாங்க இந்த வண்டியில தூங்கினோம்.”

அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

“கார்டை எடும்மா,” என்றார். “பின்னால இன்னும் எட்டு பேர் இருக்காங்க.”